பத்தாவது பெயர்

கழுவிக் கவிழ்த்த ஒன்பது தட்டுகளுக்குப் பக்கத்தில் பத்தாவதாக ஒன்று, கழுவாமலே, ஒரு பருக்கைகூட ஒட்டாமல் மினுங்கிக்கொண்டிருந்தது.

"ஒம்போது பேருக்குத்தானுங்க டீச்சர் சோறு போட்டேன்," என்றாள் சத்துணவு ஆயா மாசாணியம்மாள். "இது நக்கி வெச்ச மாதிரி இருக்குதுங்க. நாய்கூட இந்த ஊர உட்டுப் போயிருச்சே!"

அன்புக்கரசி தட்டுகளை இன்னொரு முறை எண்ணினாள். ஆயிரம் அடி போர்வெல் போட்டும் புழுதிதான் வந்தது. ஊஞ்சக்காட்டுவலசு ஊரே மூட்டை கட்டித் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. பத்துப் பிள்ளைகளுக்குக் குறைந்தால் பள்ளியை உடனே மூடிவிடுவார்கள். ஏப்ரல் வரை ஓட்டினால்தான் இந்தத் தற்காலிக டீச்சருக்கு ஒரு வருட அனுபவச் சான்று கிடைக்கும். அதனால் போன மாதம் பதிவேட்டிலேயே ஒரு பிள்ளையைப் பெற்றெடுத்திருந்தாள்: பொற்கொடி, இரண்டாம் வகுப்பு. பாதுகாவலர் கட்டத்தைக் காலியாக விட மனமில்லாமல் தன் பெயரையே எழுதினாள். தினமும் வருகை போட்டாள். வாய்விட்டு மட்டும் அந்தப் பெயரைக் கூப்பிட்டதே இல்லை. யாருக்கு என்ன நட்டம் என்றுதான் அப்போது தோன்றியது.

மறுநாள் மத்தியானம், வேப்பமரத்தில் காற்று நின்று, சாக்பீஸ் தூசியும் அடுப்புப் புகையும் ஓட்டுக்கூரைக்குக் கீழே அசையாமல் தொங்கிக்கொண்டிருக்க, வாய்ப்பாடு சொல்லும் குரல்களுக்கு அடியில் இன்னொரு குரல், அரைச் சொல் பிந்தி, கூடவே வந்தது. அவள் கையைத் தூக்கினாள். பிள்ளைகள் நிறுத்தினார்கள். அது நிற்க இன்னும் கொஞ்சம் நேரம் ஆனது.

பாயின் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது.

"தள்ளி உக்காரு, நித்யஸ்ரீ."

"எப்படிங்க டீச்சர்? பொற்கொடி உக்கோந்திருக்குதுங்க."

அன்புக்கரசி மேசைமேல் இருந்த பதிவேட்டைப் பார்த்தாள். அந்தப் பெயரை இவளுக்கு யார் சொன்னார்கள்?

அதன்பிறகு சான்றும் வேண்டாம், வேலையும் வேண்டாம் என்றாகிவிட்டது. ஒன்பது பேர்தான் என்று உள்ளதை உள்ளபடி மேலே எழுதிப் போட்டாள். பள்ளியை மூட உத்தரவு வந்தது. கடைசி நாளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் டி.சி. எழுதிக் கொடுத்தாள், அம்மாவோ அப்பாவோ வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

பத்தாவது பெயருக்கு யாரும் வரவில்லை.

சிவப்பு மசி. ஸ்கேல். பெயரின் குறுக்கே அழுத்தி ஒரு கோடு இழுத்தாள். தாள் கிழிந்தது. எழுந்தாள். கதவைப் பூட்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

தாராபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் பையை வைத்துவிட்டு உட்கார்ந்த பிறகுதான் மூச்சு வந்தது. அப்பாடா, தொலைந்தது என்று கண்ணை மூடினாள்.

பின் சீட்டுகளிலிருந்து டிக்கெட் போட்டுக்கொண்டே வந்தார் கண்டக்டர்.

"ஏனுங்க டீச்சர், அம்மணிக்கு அரை டிக்கெட் போட்டரட்டுங்களா?"

மடியில் ஒரு கை. சின்னக் கை. சில்லென்று.

பை கீழே கிடந்தது. ஜன்னலோரத்தில் ரெட்டைச் சடை. நீலப் பாவாடை.

பெயர் எழுதியிருந்தாள். பிறந்த தேதி எழுதியிருந்தாள். முகத்தை மட்டும் அவள் யோசிக்கவே இல்லை.

அது அவள் பக்கம் திரும்பியது.

நெற்றியிலிருந்து தாடைவரை வெறும் தோல். குறுக்கே, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி, சிவப்பாக ஒரு கோடு.

அந்தக் கோடு மெல்லத் திறந்துகொண்டிருந்தது.