படகுத்துறைப் பலகைகள்

காலை ஒன்பது மணிக்கு மருத்துவமனையிலிருந்து தகவல் வந்தது. பெரியவரின் உடம்பில் ஆர்செனிக் விஷம் இருக்கிறது. பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் அம்மாள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

திறந்தவள் மகள். முந்தின நாள்தான் வெளியூரிலிருந்து வந்திருந்தாள்.

"விசாரிக்க என்ன மேடம் இருக்கு? சமைக்கிறது அவ. சாவி வச்சிருக்கிறது அவ. வீட்டை அவ பேருக்கு எழுதப்போறேன்னு அப்பா போன்ல சொல்றார். கூட்டிட்டுப் போங்க."

அவள் கை காட்டிய இடத்தில், சமையலறை வாசலில், வீட்டு வேலை செய்யும் அம்மாள் நின்றிருந்தார். அழுது முடித்த முகம்.

பெரியவர் கூடத்தில் சாப்பாட்டு மேசைமேல் கையூன்றி உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். மனைவி போன பிறகு தனியாகத்தான் இருக்கிறார். மேசையைச் சுற்றி ஆறு நாற்காலிகள். ஐந்தில் தூசி படிந்திருந்தது.

"தங்கச்சிய அனுப்பிடாதீங்கம்மா. நாள் பூரா நான் பார்க்கிற ஒரே முகம் அது" என்றார் அவர், சமையலறை வாசலைப் பார்த்து.

"பார்ப்போம் ஐயா. மேசை நீங்களே செஞ்சதா?"

அவர் முகம் மலர்ந்தது. "ஆமாம்மா. பழைய படகுத்துறையப் பிரிச்சாங்க, பலகைய எடுத்துட்டு வந்து நானே இழைச்சேன். முப்பது வருஷம் தண்ணியில நின்ன மரம். ஒரு பூச்சி ஓட்டை இருக்கா, தேடிப் பாருங்க!"

"ஆறு நாற்காலி எதுக்கு?"

"பிள்ளைங்க குடும்பத்தோட வந்தா உக்கார வேணாமா?"

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் மருத்துவமனையில் இருந்தபோதே அரிசி, பருப்பு, குடிநீர், மாத்திரை எல்லாவற்றையும் வாங்கிச் சோதித்திருந்தார்கள். எதிலும் விஷம் இல்லை. ஆனால் மருத்துவமனையில் தேறிய மனிதருக்கு வீடு திரும்பியதும் மறுபடி வாந்தி. விஷம் இந்த வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும்.

இன்ஸ்பெக்டர் சமையலறைக்குள் போனார். கேஸ் அடுப்பு துடைத்து வைத்தபடி இருந்தது. மூலையில் ஒரு விறகு அடுப்பு. பக்கத்தில் ஒரு முக்காலி. சுவரோரம் வெட்டி மிஞ்சிய பலகைத் துண்டுகள் அடுக்கியிருந்தன.

"கேஸ் இருக்கும்போது விறகு எதுக்கும்மா?"

"அண்ணனுக்கு விறகுல போட்ட டீதான் பிடிக்கும். காலையில முக்காலி போட்டு அடுப்புப் பக்கத்துல உக்காந்துடுவாரு. பஸ்ல ஏறின ஆளுங்க கதையெல்லாம் சொல்லுவாரு. கேட்டுக் கேட்டு, இப்ப நானே டிக்கெட் கிழிப்பேன்."

"ஜன்னல் திறந்திருக்குமா?"

"மழை ஆரம்பிச்சதுலேருந்து சாத்தித்தான் வைக்கிறோம். சாரல் அடிக்குதே."

"அவருக்கு உடம்புக்கு வந்தது எப்போ?"

"அதுவும் மழையோடதான்."

மகள் குறுக்கிட்டாள். "கதை கேட்டா விஷம் வைக்க மாட்டாங்களா?"

இன்ஸ்பெக்டர் வேலைக்கார அம்மாள் பக்கம் திரும்பினார். "கையைக் காட்டுங்கம்மா."

"ஏன் மேடம், ரேகை பார்க்கப் போறீங்களா?" என்றாள் மகள்.

உள்ளங்கையில் சின்னச் சின்னத் தடிப்புகள். நகங்களின் குறுக்கே வெள்ளைக் கோடுகள்.

"விரல் நுனியில குத்துதா?"

"ஊசி குத்துற மாதிரி. பாத்திரம் தேய்க்கிற கைதானே."

"எதால தேய்ப்பீங்க?"

"அடுப்புச் சாம்பல்தான். அண்ணன் டம்ளர் முகம் தெரியற மாதிரி மின்னணும்னு தேய்ப்பேன்."

பிறர் கையில் குற்றத்தைத் தேடுகிறவர்களுக்கு அந்தக் கையின் வலி கண்ணில் படாது. அதைக் காணக் கடவுள் சிலருக்குப் பொறுமையான கண்ணைக் கொடுக்கிறார்.

இன்ஸ்பெக்டர் அந்த அம்மாளைக் கூடத்துக்கு அழைத்து வந்து பெரியவரின் கைக்குப் பக்கத்தில் அவர் கையை வைக்கச் சொன்னார். இரண்டு கை நகங்களிலும் ஒரே வெள்ளைக் கோடு.

"இது ஆர்செனிக் போடுற கோடு" என்றார் மகளிடம். "விஷம் வைக்கிறவங்க அதைத் தானும் சேர்த்துச் சாப்பிட மாட்டாங்க."

"அப்போ யாரு?"

இன்ஸ்பெக்டர் சமையலறையில் விறகாக அடுக்கியிருந்த பலகைத் துண்டு ஒன்றை மேசைமேல் வைத்தார். வெட்டிய முனையில் ஓரம் மட்டும் லேசான பச்சையாக இருந்தது.

"இதுதான். முப்பது வருஷம் தண்ணியில கிடந்த மரத்தைப் பூச்சி ஏன் தொடலைன்னு ஐயா யோசிக்கலை. பூச்சி அரிக்காம இருக்க ஆர்செனிக் மருந்து ஏத்தின மரம். கொடுத்தவங்களும் சொல்லலை. இழைச்சப்போ தூசி. எரிச்சப்போ புகை. மிச்சம் சாம்பல்ல நின்னு, இவங்க கையிலயும் ஐயா டம்ளர்லயும் ஒட்டியிருக்கு. லேப்ல உறுதி பண்ணிடுவாங்க. இனி ஒரு துண்டுகூட எரிக்கக் கூடாது. மேசையிலயும் சாப்பிடாதீங்க. இப்ப ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

மகள் நாற்காலியின் தூசியைக்கூடத் துடைக்காமல் உட்கார்ந்தாள். வேலைக்கார அம்மாளைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"கேஸ் இருக்கேப்பா. எதுக்குப்பா விறகு?"

பெரியவர் மேசையின் விளிம்பைத் தடவினார். சொல்லவா வேண்டாமா என்று தயங்கினார்.

"கேஸ்ல வச்சா சட்டுன்னு கொதிச்சுடும்மா. டீயக் கொடுத்துட்டுத் தங்கச்சி அடுத்த வீட்டு வேலைக்குக் கிளம்பிடும். விறகுன்னா கொஞ்ச நேரம் ஆகும்."

வெளியே மழை ஓட்டின்மேல் விழுந்துகொண்டிருந்தது.

"அட போங்கண்ணே" என்றார் அந்த அம்மாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "இருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் சும்மாவே உக்காந்திருப்பேனே."