கற்பூரம் மணந்த நிலா

“ஐயோ! உன் நிலா கோயில் மாதிரி மணக்குதே!”

ஜாக் மூக்கைப் பிடித்துக்கொண்டான். வகுப்பே கொல்லென்று சிரித்தது. தெய்வானைக்கு முகம் சுண்டிப்போயிற்று.

பின்னே? குட்லண்ட்ஸ் ஊர்க் கரும்புக் காட்டோரம் கிடந்த கருங்கல்லைக் கை நோக நோகச் சுத்தியலால் தட்டி, மாவாக்கிக் கொண்டுவந்திருந்தாள். நிலாவில் தெரிகிற கறுப்புத் திட்டுகளும் எரிமலைக் கல். மொரீஷியஸும் எரிமலைக் கல். ஆகவே இது நிலா மண்!

ஆனால் டப்பாதான் வினை. ஸ்வெட்டர் ஆலை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அம்மா நீட்டியது, காவடிக்குக் கற்பூரம் வைத்திருந்த தகர டப்பா.

தலைநகர் போர்ட் லூயியில் நடக்கும் அறிவியல் கண்காட்சிக்கு ஒருவர்தான் போகலாம். யாரென்று மிஸ் எவெலின் இப்போது சொல்லிவிடுவார்.

“இதை எடுத்து வெச்சிடலாமா, தெய்வானை?” என்றார் மிஸ் மெதுவாக.

“வேணாம் மிஸ். கொஞ்சம் இருங்க.”

டப்பாவில் உடைக்காத கல்லும் ஒன்று கிடந்தது. அதை முகர்ந்தாள். மணம் இருந்ததா என்றே சந்தேகம். தூளை முகர்ந்தாள். கற்பூரம் மூக்கைத் துளைத்தது! ஒரே கல், ஒரே டப்பா. பிறகு ஏன்?

அவள் கண்கள் விரிந்தன.

“ஜாக், வந்து இந்தக் கல்லை மோந்து பாரு.”

“நான் மாட்டேன்!”

“பயமா?”

அது போதுமே! ஜாக் வந்து முகர்ந்தான். “ஒண்ணும் தெரியல.”

“இப்ப தூளை.”

“ஹாச்!”

“பாத்தியா? கல்லை உடைக்க உடைக்க வெளிப்பக்கம் கூடுது. மணம் ஒட்டவும் நிறைய இடம் கிடைக்குது. நிலாவில தடுக்கறதுக்குக் காற்றே இல்லையே! சூரியன்லேருந்து பறந்து வர்ற ஹைட்ரஜன், கார்பன், நைட்ரஜன் எல்லாம் நேரா மண்ணுல வந்து மோதி, துகளோட மேல்பக்கத்துல பதிஞ்சுடும். அதான் பெரிய கல்லைவிடப் பொடி மண்ணுல அது அதிகம்!”

சிரிப்பு அடங்கிவிட்டது.

“சரி, அப்படிப் பதிஞ்சதை எப்படி வெளியே எடுப்பாங்க?” மிஸ் விடவில்லை.

தெய்வானையும் விடவில்லை. “சூடாக்கித்தான் மிஸ்! நிலா மண்ணுக்கு அடுப்புச் சூடெல்லாம் பத்தாது. என் மண்ணுக்கு உங்க பிளாஸ்க் வெந்நீர் போதும்.”

கோப்பையில் வெந்நீரை ஊற்றி, அதன்மேல் தூள் பரப்பிய தட்டை வைத்தாள். எல்லோரும் மூச்சை இழுத்து இழுத்துக் காத்திருந்தார்கள்.

“இங்கே வந்துடுச்சு!” என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

மிஸ் எவெலின் பிளாஸ்கை மூடித் தெய்வானையின் கையில் கொடுத்தார். “போர்ட் லூயிக்கு இதையும் எடுத்துக்க.”

ஜாக் தலையைச் சொறிந்தான். “பஸ் வரைக்கும் நிலாவை நான் தூக்கிட்டு வரேன். மூடியை மட்டும் இறுக்கி மூடு, தாயே!”