கடலைப் பார்த்து நின்றவன்

விடுதிப் பேருந்திலிருந்து இறங்கும் கணவன்மார்களை வழியிலேயே மறித்து, "நீங்க நீங்கதானா?" என்று நாலு கேள்வி கேட்ட பிறகுதான் பெண்கள் வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள். கோடித்தீவில் இது குழாயடிக்குப் போவதைப் போல அன்றாட வேலை.

விமானங்களுக்கு உலகமே தடை போட்ட பிறகு, சுற்றுலாப் பயணிகள் உடம்பை ஊரிலேயே கிடத்திவிட்டு மனத்தை மட்டும் வானலை வழியே அனுப்பினார்கள். அது வந்து இறங்க ஓர் உடம்பு வேண்டுமே? தீவுக்காரர்கள் பின்கழுத்தில் 'மனவாங்கி' பொருத்திக்கொண்டு தங்கள் உடம்பை விடுதிக்குப் பகல் வாடகைக்கு விட்டார்கள். விருந்தாளி இவர்கள் காலால் நடப்பார், இவர்கள் நாக்கால் இறால் தின்பார், பொழுது சாயுமுன் கிளம்பிவிடுவார். கிளம்பாவிட்டால்தான் வினை. இரவும் உள்ளேயே தங்கிவிட்டால் உடம்புக்குச் சொந்தக்காரன் அழிந்தே போவான். பக்கத்து வீட்டுப் பிலோமினாவின் கணவன் அப்படித்தான் போனான். அவன் உடம்பு இன்னும் தெருவில் நடமாடுகிறது. பிலோமினாவைப் பார்த்தால் மரியாதையாகச் சிரிக்கிறது.

அன்று மாலை ரெஜினாள் கொல்லைப்பக்கம் வந்தவள் அப்படியே நின்றாள். அவள் கணவன் ராயப்பன் மணலில் நின்று சூரியன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். சும்மா, ஐயா, சும்மா. தீவில் பிறந்த எவனாவது இதைச் செய்வானா? வலை காயப்போடப் போவான், மழை வருமா என்று பார்க்கப் போவான். வெறுமனே பார்க்க விருந்தாளிதான் போவார்.

சற்று முன் குழம்பை ருசித்துவிட்டு "நல்லாருக்கு" என்றானே, அப்போதே தோன்றியிருக்க வேண்டாமா? பேருந்தடியில் கேட்டதற்கெல்லாம் சரியாகத்தான் பதில் சொன்னான். ஆனால் உள்ளே புகுந்தவருக்கு அவன் நினைவுகள் எல்லாம் திறந்து போட்ட வீடு.

உடம்பு வாடகை நிலையத்துக்கு ஓடினாள். அங்கிருந்த ஊழியன் கிளாட்வின் 'பிரிப்பான்' என்ற கருவியோடு வந்தான். பின்னாலேயே தெருவும் வந்தது.

"அக்கா, இதை அழுத்தினா உள்ள இருக்கிற மனசு வெளிய போயிரும். யாரு மனசுன்னு இதுக்குத் தெரியாது. விருந்தாளின்னா அவர் ஊருக்குப் போயிருவார். அண்ணனா இருந்தா, அவருக்குப் போக வேற இடம் கிடையாது. யோசிச்சுச் சொல்லுங்க."

ராயப்பனின் முகம் வெளுத்தது. "ஏளா, நாந்தாம்ளா."

"எம்புருஷன் உடம்புல புகுந்ததும் இப்படித்தான் சொல்லிச்சு," என்றாள் பிலோமினா. "நம்பித்தான் கெட்டேன்."

"அப்ப எதுக்குக் கடலைப் பாத்திய?" என்றாள் ரெஜினாள்.

"இந்தக் கரையையும் விடுதிக்காரன் வாங்கிட்டான். நாளைக்குச் சுவர் எழுப்புதான். இனி நம்ம வீட்டுலேருந்து கடல் தெரியாது."

கிளாட்வின் கருவியை அவன் கழுத்தருகே கொண்டுபோனான். ரெஜினாள் தடுத்தாள்.

"அப்ப விடுதியே வேண்டாங்கியளா?"

விருந்தாளிகள் எல்லோருக்கும் இதில் ஒரே பாட்டுதான். தீவைக் கெடுத்துவிட்டீர்கள், ஓலைக் குடிசையோடு அப்படியே விட்டிருக்கலாம் என்று குளிரறையில் உட்கார்ந்து கண்கலங்குவார்கள்.

ராயப்பன் தலையைச் சொறிந்தான். "எப்படிச் சொல்ல? மூத்தவ பொறக்கையில உன்னையும் அவளையும் காப்பாத்துனது அவன் கட்டுன ஆஸ்பத்திரிதானே. வேணும்னும் சொல்ல முடியல, வேண்டாம்னும் சொல்ல முடியல. அவன் நாசமாப் போவணும், ஆஸ்பத்திரி மட்டும் இருக்கணும். எரிச்சலா வருது, போ."

ரெஜினாள் மணலில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நினைவைத் திருடலாம், இந்த இரண்டுங்கெட்டான் மனத்தை எவன் திருடுவான்?

"அவியதான். அந்தக் கருவிய எடுத்துட்டுப் போங்க."

கிளாட்வின் பெருமூச்சு விட்டுக் கருவியை அணைத்தான். ஆனால் கூட்டம் கலையவில்லை. சுவர் என்ற சொல் வாய்க்கு வாய் ஓடியது. "நாளைக்கேவா?" என்றார்கள். எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். சத்தம் போடுவார்கள், மறிப்போம் என்பார்கள் என்று ரெஜினாள் எதிர்பார்த்தாள்.

ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி நின்றார்கள். தோளோடு தோள் நெருக்கி, படமெடுக்கக் கைபேசியை உயரத் தூக்கி, விருந்தாளிகள் மாதிரியே பல் தெரியச் சிரித்தார்கள். பிலோமினாவும் சிரித்தாள். ராயப்பனும்.

ரெஜினாளுக்கு மறுபடி பயம் பிடித்துக்கொண்டது. அந்த முகங்களில் எது யாருடையது என்று தெரியவில்லை.

"ஏளா, சீக்கிரம் வா, வெளிச்சம் போகுது," என்றான் ராயப்பன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், முடியை ஒதுக்கினாள், கடலுக்கு முதுகைக் காட்டியபடி அவன் பக்கத்தில் போய் நின்றாள்.