வரிசையின் கடைசி ஆள்

விசில் கேட்டது. வரிசையில் ஒவ்வொருவராக "இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே வர, கடைசியாக அவர் தொண்டையைத் திறந்து "இருக்கேன்" என்று கத்தினார். அதோடு முடிந்திருக்க வேண்டும். அவருக்கும் அப்பால், ஆள் யாரும் இல்லாத வெளிப்பக்கத்திலிருந்து, இன்னொரு "இருக்கேன்" சாவகாசமாக வந்தது.

எதிரொலி என்று எடுத்துக்கொண்டார். நாற்பத்தாறு வயதில் காது தன் இஷ்டத்துக்கு வேலை செய்வது சகஜம். முழங்கால் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்தியே ரொம்ப காலமாகிறது. கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் புதருக்கு எதிரொலி கிடையாது என்பது உறைத்தது. உண்ணிச்செடி சத்தத்தைத் திருப்பித் தராது. விழுங்கும். அதனால்தானே இந்தக் கூப்பாடே.

யாரோ எப்போதோ அழகுக்காகக் கொண்டுவந்து வைத்த செடி வேலி தாண்டி இறங்கி, காட்டையே மூடிவிட்டிருந்தது. ஆளுயரத்துக்கு மேல் முள்ளும் சொரசொரத்த இலையும். உள்ளே நுழைந்தால் பக்கத்தில் நடப்பவரின் தொப்பிகூடத் தெரியாது. பெரிய செடிகளை வெட்டிச் சாய்க்க அனுபவசாலிகள் இருந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அடியில் முளைத்த கன்றுகள்தான். குனிய வேண்டும், பிடுங்க வேண்டும், மண்ணை உதறி, வேர் வானத்தைப் பார்க்கும்படி பக்கத்துக் கிளையில் மாட்ட வேண்டும். தரையில் போட்டால் மறுநாளே வேர் பிடித்துக்கொண்டு சிரிக்கும். இவ்வளவு விடாப்பிடியாக ஓர் இடத்தில் ஒட்டிக்கொண்ட எதையும் அவர் பார்த்ததில்லை. பொறாமையாகக்கூட இருந்தது.

வரிசையின் ஒரு கோடியில் லீடர். இருபத்தைந்து வயதுப் பெண், விசில் அவளிடம். மறு கோடியில் அவர். நடுவில் இருப்பவர்கள் முணுமுணுத்தால் போதும், கடைசி ஆளின் குரல் மட்டும் லீடர் காதில் விழ வேண்டும். அது விழுந்துவிட்டால் வரிசை முழுசாக இருக்கிறது என்று கணக்கு. அதற்கு மேல் யாரும் எதையும் கேட்பதில்லை.

இந்த வேலைக்கான விளம்பரத்தில் 'ஆர்வமுள்ள இளைஞர்கள்' என்று போட்டிருந்தது. அவரிடம் ஆர்வமும் இல்லை, இளமையும் இல்லை. ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள், கூட வந்தவர்கள் முள்ளைப் பார்த்ததும் பஸ் ஏறிவிட்டதால். முதல் நாளே எல்லாருக்கும் அங்கிள் ஆகிவிட்டார். அதற்கு முந்தின கம்பெனியில் ஒரு பையனை அவர் பக்கத்தில் உட்காரவைத்து வேலை பழக்கிவிடச் சொன்னார்கள். பொறுமையாக, டீ வாங்கிக் கொடுத்துப் பழக்கினார். பையன் நன்றாகப் பழகியதும் அவரை அனுப்பிவிட்டார்கள். மனைவி அதைக் கேட்டுக் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இதையாவது ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோங்க" என்று மட்டும், இந்த வேலை கிடைத்த அன்று சொன்னாள்.

இன்றோடு சோதனைக் காலம் முடிகிறது. வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று லீடர் சாயங்காலம் காட்டு வாசல் கேட்டருகில் சொல்வாள். மனைவியும் மகளும் ஸ்கூட்டரில் அங்கே வருவதாக ஏற்பாடு. எப்படியும் ஒன்று, கொண்டாடலாம் அல்லது துக்கம் விசாரிக்கலாம் என்று காலையில் அவர் சொன்னதற்கு மனைவி சிரிக்கவில்லை. மகள் பள்ளிக்கூடத்தில் அப்பா காட்டு அதிகாரி என்று சொல்லிவைத்திருந்தாள்.

அதனால்தான் வெளிப்பக்கத்துக் குரலைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. போன வாரம்தான் முள்ளுக்குள் ஒரு ஆள் குப்புறக் கிடப்பதாக அலறி வரிசையை நிறுத்தினார். எல்லாரும் கீறல் வாங்கிக்கொண்டு ஓடிவந்து பார்த்தால் யாரோ எறிந்த மழைக்கோட்டு. பக்கத்தில் நடக்கிற சோடாபுட்டி, கண்ணாடி இல்லாவிட்டால் தன் கையே தெரியாத பையன், அன்றிலிருந்து தினமும் சாப்பிடும்போது, "அங்கிள், இன்னிக்குப் பொணம் ஏதும் உண்டா?" என்று அக்கறையாக விசாரிக்கிறான். லீடர் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை காரணமில்லாமல் நிறுத்தினால் உங்களுக்காக நான் பேச முடியாது என்றாள்.

மறுபடி விசில். "இருக்கேன்" என்றார். காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"இருக்கேன்."

அதே உயரம், அதே கரகரப்பு, கடைசி எழுத்தில் அவருக்கு எப்போதும் வருகிற அந்தச் சின்ன இழுப்பு. பக்கத்திலேயே இருந்தது. நசுங்கிய இலையிலிருந்து எழுகிற, பூனை மூத்திரத்தில் கற்பூரத்தைக் கரைத்த மாதிரியான வாடை மூக்கில் ஏறி நின்றது. தலைக்கு மேல் பின்னிக் கிடந்த கொம்புகளின் வழியே கசிந்த வெளிச்சம், அலம்பாத பாட்டிலுக்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி பழுப்பும் பச்சையுமாக இருந்தது. பூச்சிச் சத்தம் எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை. குனிந்து ஒரு கன்றைப் பிடுங்கினார். மண்ணை விட்டு வேர் வரும்போது எழுகிற ஈரமான 'சட்'. வெளிப்பக்கத்தில் ஒரு 'சட்'. இன்னொன்று பிடுங்கினார். அங்கேயும் ஒன்று. பிடுங்குவது போல் குனிந்து, பிடுங்காமல் இருந்தார். அங்கே ஒன்று பிடுங்கும் சத்தம் வந்தது. பிறகு, தவறு செய்துவிட்டதை உணர்ந்தது போல, நிசப்தம்.

யாரு என்று கிசுகிசுத்தார். இலைகள் மட்டும், காற்றில்லாமல், ஓர் ஆள் அகலத்துக்கு லேசாக விலகி, மூடிக்கொண்டன.

அன்றைக்கு அளந்து விட்டிருந்த பட்டையின் கோடியில் வரிசை நின்று திரும்பியது. வழக்கம் இதுதான். போன வழிக்குப் பக்கத்து வழியில் எல்லாரும் நகர்ந்து, வந்த திசைக்கே கன்றுகளைத் தேடிக்கொண்டு திரும்புவார்கள். அதாவது, அது எங்கே இருந்ததோ அந்த இடத்துக்குள் இப்போது எல்லாருமே நுழையப்போகிறார்கள். அவருக்கு அது நிம்மதி. யாராக இருந்தாலும் சோடாபுட்டியே கண்டுபிடிக்கட்டும். பொணம் ஜோக் அதோடு கை மாறும்.

நுழைந்தார்கள். யாரும் இல்லை. ஆனால் கன்றுகளும் இல்லை. தரை பெருக்கிவிட்ட மாதிரி இருந்தது. ஒவ்வொரு கிளையிலும் பிடுங்கின கன்றுகள் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில், வேர் மேலே தெரிய மாட்டியிருந்தன. மண் ஒரு பொட்டுகூட இல்லாமல் உதறியிருந்தது. அவர் மாட்டுகிறவை துவைத்த துணியை அவசரமாக எறிந்தது போல் தொங்கும். இவை அப்படி இல்லை.

லீடர் முள்ளை விலக்கிக்கொண்டு அவரிடமே வந்துவிட்டாள். முகத்தில் அவர் இதுவரை பார்க்காத ஒரு வெளிச்சம்.

"அங்கிள், இதுவும் நீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும். அடுத்த கேள்விக்குப் பதில் சொன்னால் வரிசை நிற்கும். வரிசை நின்றால் கேட்டருகில் மனைவி முகம். இதையெல்லாம் அவர் யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. நன்றாகவே யோசித்தார், ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள்.

"ஆமா" என்றார். "கை கொஞ்சம் நீண்டுடுச்சு."

"இப்படிச் செய்றவர விட்டுட்டு நான் யாரைத் தேடப்போறேன்" என்றாள் அவள். எல்லாரும் கேட்கும்படி சொன்னாள். சோடாபுட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கன்றுகளை மறுபடி பார்த்தான்.

அவர் புதருக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டார். மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். முதலில் முகத்தைத் தொங்கப்போட வேண்டும். அவள் 'பரவாயில்லங்க' என்று ஆரம்பிக்கும்போது சொல்ல வேண்டும். மகளுக்குப் புது ஷூ. இந்தச் சந்தோஷத்தில், தான் மறுபடி கடைசி ஆளாக வெளிப்பக்கத்தை ஒட்டி நடக்கிறோம் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோனது.

விசில்.

குரல்கள் ஒவ்வொன்றாக நெருங்கின. சோடாபுட்டி "இருக்கேன்" என்றான். அவர் வாயைத் திறந்தார்.

"இருக்கேன்."

அவர் இன்னும் சொல்லவில்லை.

அவசரமாகத் தானும் ஒருமுறை சொன்னார். "ஒரு தடவை போதும் அங்கிள், கேட்டுச்சு" என்று சோடாபுட்டி அலுத்துக்கொண்டான். நான் சொல்லவில்லை தம்பி என்று சொல்ல வந்தவர், அதை எப்படி முடிப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டார். நடையை எட்டிப் போட்டார். சட்டையில் முள் மாட்டியது. எடுத்துவிட்டுப் போனார். இன்னொன்று மாட்டியது. சோடாபுட்டியின் பூட்ஸ் சத்தத்தை ஒட்டியே போய்விடலாம் என்று அந்தப் பக்கமாகச் சாய்ந்து நடந்தார். பூட்ஸ் சத்தம் கேட்டது. ஒன்றல்ல. இரண்டு ஜோடி.

அது இப்போது வெளிப்பக்கத்தில் இல்லை. அவருக்கும் சோடாபுட்டிக்கும் நடுவில் இருந்தது.

விசில். "இருக்கேன்" என்றது அது, நல்ல உரத்த குரலில், லீடருக்குக் கேட்கும்படி. வரிசை நகர்ந்தது.

அப்போதுதான் கத்தினார். தம்பி என்று கத்தினார். லீடர் என்று கத்தினார். வரிசையை நிறுத்துங்கள் என்று, வேலை போனால் போகட்டும், மழைக்கோட்டு என்று சிரித்தால் சிரிக்கட்டும் என்று, தொண்டை கிழியக் கத்தினார். சத்தம் வாயை விட்டு வெளியே வந்தது. இலையைத் தாண்டவில்லை. அந்தப் பக்கம் யாரோ ஏதோ சொல்ல, சோடாபுட்டி விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. அவனை அவர் ஒருநாளும் அப்படிச் சிரிக்கவைத்ததில்லை.

ஓடினார். ஓட முடியவில்லை. முன்னால் இருந்த கொம்புகளை இரண்டு கையாலும் விலக்கினார். விலக்கிய இடத்தில் வேறு கொம்புகள். கையுறை கிழிந்தது. கை கிழிந்தது. கறுத்த பழங்கள் காலடியில் நசுங்கின. விசில் தூரத்தில் கேட்டது. பிறகு இன்னும் தூரத்தில்.

வெளிச்சம்.

புதரின் விளிம்பு. அதற்கு மேல் போக முடியாது; விரல் நுழையாத நெருக்கத்தில் தண்டுகள். ஆனால் பார்க்க முடிந்தது. கேட். வேன். ஸ்கூட்டர். அதில் சாய்ந்து நின்ற மனைவி, வேலையிலிருந்து அப்படியே வந்த உடையில், கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி. பக்கத்தில் மகள்.

காட்டிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கடைசியாக அது வந்தது.

அவருடைய தொப்பி அவர் தலையில்தான் இருந்தது. அதன் தலையிலும் அதே தொப்பி. தோள் அவரை விடக் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. முழங்கால் தொந்தரவு இல்லாத நடை. லீடர் அதனிடம் கை நீட்டினாள். அது குலுக்கியது. மனைவி பக்கம் திரும்பி லீடர் ஏதோ சொன்னாள். மனைவியின் கைகள் பையைத் தளர்த்தின.

அது முதலில் முகத்தைத் தொங்கப்போட்டது. மனைவி அதன் கையைத் தொட்டு ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அப்போது அது சிரித்தது. அவள் அதன் தோளில் ஓர் அடி போட்டாள். பிறகு அவளும் சிரித்தாள். கல்யாணமான புதிதில் சிரித்த மாதிரி, வாயைப் பொத்திக்கொள்ளாமல்.

அவர் கத்தினார். பக்கத்து இலைகூட அசையவில்லை.

நாலு பேர் முன்னால் அப்பா கையைப் பிடிக்கவே கூசுகிற மகள், ஓடிவந்து அதன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அண்ணாந்து பார்த்தாள். சட்டைக் காலருக்குப் பின்னால் ஏதோ ஒட்டியிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். அது அவளுக்கு எட்டட்டும் என்று ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, கழுத்தை வளைத்துக் கொடுத்தது. மகள் இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள்.

நூல் மாதிரி மெல்லிய, வெளுத்த வேர்.

வந்தது. இன்னும் இழுத்தாள். இன்னும் வந்தது. அப்பா ஏதோ வித்தை காட்டுகிறார் என்று அவளுக்கு ஒரே குஷி. நூல்கண்டு சுற்றுவது போல உள்ளங்கையில் சுற்றிக்கொண்டாள், மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள், அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். மனைவி சிரித்துக்கொண்டே குனிந்து, அவளுடன் சேர்ந்து இழுக்க ஆரம்பித்தாள். அது அசையாமல், பொறுமையாக, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குழந்தையின் முழங்கை வரை சுற்றியாகிவிட்டது. வேர் இன்னும் வந்துகொண்டிருந்தது.