படிசொல்லி நின்ற காலை

2071ஆம் ஆண்டு ஜூலை 14, செவ்வாய்க்கிழமை. தூத்துக்குடியில் மேற்கிலிருந்து வறண்ட காற்று புழுதியுடன் வீசியது. வானில் மேகங்கள் இருந்தன, மழை இல்லை.

கடற்பாசி உணவு ஆலையின் பொதிமேசைக்கு மேலே படிசொல்லி என்னும் கருவி தொங்கிக்கொண்டிருந்தது. ஆழ்கடல் நிலையங்களில் வாழ்வோருக்கான உணவுப் பொதிகள் அம்மேசையில்தான் கட்டப்பட்டன. ஒருவருக்கு உப்பு கூடாது. இன்னொருவருக்கு நிலக்கடலை ஒவ்வாது. நீண்ட கட்டளையைச் சிறு படிகளாகப் பிரித்து, எடுக்க வேண்டிய பெட்டியின்மீது ஒளியைப் பாய்ச்சி, ஒவ்வொரு படிக்குப் பின்னும் “புரிந்ததா?” என்று வினவுவதே அக்கருவியின் பணியாகும். “இல்லை” என்றால் சலிப்பின்றி வேறு சொற்களில் கூறும்.

அது ரெக்ஸிலா ஒருவருக்காகவே வழங்கப்பட்டது. இருபத்தாறு வயதினரான அவர் டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்தவர். காதில் ஒலிப்பான் வைப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. எனவே கருவி உரக்கப் பேசியது. அதற்கு விடை கூறுபவர் அவர் மட்டுமே. ஆயினும் மேசையில் இருந்த அனைவரும் கேட்டனர். அவர் சேர்ந்த பின் தவறான பொதி ஒன்றும் திரும்பி வரவில்லை.

இன்று தேர்வு. கருவியின்றி ஒரு கட்டளையை முடித்தால் ரெக்ஸிலாவுக்கு நிரந்தரப் பணி. இல்லையேல் நாளை முதல் வேலை இல்லை. தொழில்துறை ஆய்வாளர் தளவாய் கருவியை அணைத்தார்.

திரையில் கட்டளை தோன்றியது: “நான்காம் நிலையத்தார் நீங்கலாக, உப்பு விலக்கு பெற்றோருள் நிலக்கடலை விலக்கு பெறாதோர்க்கு மட்டும்...”

மேசையில் எல்லோர் கையும் நின்றுவிட்டது. மூத்த தொழிலாளி பிச்சையா புரிந்ததுபோல் தலையை மட்டும் ஆட்டினார்.

“அண்ணாச்சி, தல ஆடுது, கை ஓடலயே!” என்று ரெக்ஸிலா சிரித்தார்.

“படிக்கேம்லா, சும்மா இரும்மா.”

ரெக்ஸிலா திரையை நோக்கினார். கருவியிடம் கூறும் அதே குரலில், “எனக்குப் புரியல” என்றார். தளவாயின் புருவம் உயர்ந்தது. ரெக்ஸிலா மேற்பார்வையாளர் சேர்மக்கனியிடம் திரும்பினார். “யக்கா, மொத எத எடுக்கணும்? ஒண்ணு மட்டும் சொல்லுங்க.”

சேர்மக்கனி வாசித்தார். மீண்டும் வாசித்தார். அப்பதவிக்கு வந்த நாள் முதல் அவர் உச்சரித்திராத சொல் வெளிப்பட்டது.

“எனக்கும் புரியல, ரெக்ஸி.”

“எனக்குந்தான் தாயி” என்றார் பிச்சையா, பாரம் இறங்கியவராக.

“அப்ப சேந்து பாப்போம்.”

சேர்மக்கனி ஒரு வரியை வாசித்தார். பிச்சையா பெட்டியைச் சுட்டினார். ஒவ்வொரு படிக்குப் பின்னும் “புரிஞ்சிச்சா?” என்று இருவரையும் கேட்டுவிட்டே ரெக்ஸிலா எடுத்து வைத்தார். பொதி மூடப்பட்டது.

“கேட்டுக் கேட்டுல்லா செஞ்சா?” என்றார் தளவாய்.

“கருவி கூடாதுன்னுதான சார் விதி? மனுசங்கட்ட கேக்கக் கூடாதுன்னு இல்லயே” என்றார் சேர்மக்கனி. “முன்னாடி நாங்க வாயே தொறக்க மாட்டோம் சார். தலைய ஆட்டிட்டுத் தப்பாக் கட்டுவோம். இவ ‘புரியல’ம்பா, அது திரும்பச் சொல்லும். அதக் கேட்டுத்தான் நாங்களும் கட்டுனோம். இந்த மேசையே இவளாலதான் ஓடுது.”

தளவாய் பொதியைப் பிரித்துச் சோதித்தார். பிழை இல்லை. நிரந்தரப் பணி ஆணையில் ஒப்பமிட்டார்.

“அப்ப இத எடுத்துட்டுப் போங்க சார்” என்று ரெக்ஸிலா கருவியைக் காட்டினார்.

“இருக்கட்டும்மா. ஒனக்கு வேண்டாம். இவங்களுக்கு வேணும்லா?”

படிசொல்லி மீண்டும் ஒளிர்ந்தது. அடுத்த கட்டளையின் முதல் படியைக் கூறிவிட்டு, “புரிந்ததா, ரெக்ஸிலா?” என்றது.

“இல்ல!” என்று உரக்க விடையளித்தவர் பிச்சையா. அப்போது முற்பகல் மணி 10.47.