சில்லு இல்லாத கண்ணாடி

கண்ணாடியின் விளிம்பில் அந்தச் சில்லு பெயர்ந்த தடத்தைக் காணோம்.

லிங்கேஸ்வரன் விரலால் இன்னொரு சுற்றுத் தடவிப் பார்த்தான். தொலைநோக்கியின் அடியில் உட்காரும் அந்த எட்டு அங்குலக் கண்ணாடியை, தேயிலை ஃபேக்டரி வேலை முடிந்த பிறகு பதினான்கு மாதம் கையாலேயே தேய்த்து உருவாக்கியவன் அவன். ஒருநாள் கை நழுவி, விளிம்பில் அரிசி அளவுக்குப் பெயர்ந்துபோனது. அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. போன மாதம், மங்கிய பூச்சை எடுத்துவிட்டுப் புதுப் பூச்சுப் போட்டுத் தருகிறேன் என்று மகேஸ்வரன் வாங்கிப் போய், இன்றைக்குத்தான் திருப்பிக் கொடுத்தான். பூச்சு புதுசாகும், சரி. பெயர்ந்த கண்ணாடி திரும்ப முளைக்குமா?

சே, இருபது வருஷ நண்பனைப் போய்ச் சந்தேகப்படுவதா என்று தன்னையே திட்டிக்கொண்டு கண்ணாடியைத் தொலைநோக்கிக் குழாய்க்குள் பொருத்தினான். வருகிற சனிக்கிழமை, தானா ராத்தா ஊர்த் திடலில் எல்லாரும் தங்கள் தொலைநோக்கிகளைக் கொண்டுவந்து பெருமையடிப்பார்கள். என் கையால் செய்தது என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு உலகத்தில் இருந்தது இந்த ஒரு கண்ணாடிதான்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மோட்டார் சைக்கிள் நிறுத்தும் தகரக் கொட்டகையில் பல்பைப் போட்டுவிட்டு, குழாயை வாசல் பக்கம் திருப்பி வைத்தான். நட்சத்திரம் வருவதற்குமுன் எதிர்மலை விளக்கு எதையாவது பார்த்துச் சரிபார்ப்பது வழக்கம். ஃபேக்டரியிலிருந்து தேயிலை காயும் வாசனை ஈரக்காற்றோடு இறங்கி வர, பள்ளத்தில் பனி தேயிலை வரிசைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே ஏற, ரிங்லெட் பக்கம் போகும் லோரியின் முனகலும் வளைவுக்கு வளைவு தேய்ந்து ஓய்ந்தது. கண்ணை வைத்தான்.

எதிர்மலையில் மகேஸ்வரனின் காய்கறித் தோட்டத்து வீடு தெரிந்தது. தலைகீழாகத்தான். இந்த வகைத் தொலைநோக்கியில் எல்லாமே அப்படித்தான் தெரியும். கூரை கீழே, மண் மேலே.

நடுவில் ஒரு பெண் மட்டும் நேராக நின்றாள்.

அவளுடைய கூந்தல் மேல்நோக்கி நீண்டிருந்தது.

குழாயை வேறு மலைக்குத் திருப்பினான். அங்கேயும் நின்றாள். கொஞ்சம் பெரிதாக. வெறும் பனியின் பக்கம் திருப்பினான். இன்னும் பெரிதாக. ஈர மண்வாடை அடித்தது. குழாய்க்குள்ளிருந்து.

போனை எடுத்து மகேஸ்வரனை அழைத்தான்.

"டேய், இது யாரு கண்ணாடிடா?"



"பாத்துட்டியா, மச்சான்?" என்றான் மகேஸ்வரன்.

"என்னோடத எங்கடா?"

"எங்கிட்டதான் இருக்கு. ஒங்கிட்ட இருக்கிறதுதான் என்னோட கண்ணாடி. பழசா வாங்குனேன். எட்டு மாசம்டா, நான் தூங்கல. ஒடைக்கப் பாத்தேன், ஒடையல. அது என்னைய விட்டுப் போகல. தெரியாம வேற ஒருத்தன் பொருத்தணுமாம், அப்பதான் போகுமாம்."

"அதுக்கு நான்தான் கெடைச்சேனா?"

"வேற யாருடா என்னைய நம்புவா?"

லிங்கேஸ்வரன் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்து ஊட்டிய கை. அந்தக் கைதான் பெட்டியைத் துணியில் சுற்றி, பத்திரமாக எடுத்துப்போ என்று சிரித்துக்கொண்டே கொடுத்தது. பாவி. படுபாவி.

"இப்ப ஒன் கண்ணாடிய என் தொலைநோக்கியில போட்டுத்தான் ஒன்னையப் பாத்துக்கிட்டிருக்கேன்," என்றான் மகேஸ்வரன். "பல்பு வெளிச்சத்துல நல்லா தெரியுது. நீ தலைகீழா நிக்கிற."

"சரி?"

"ஒனக்குப் பின்னால அது நேரா நிக்குதுலா."

லிங்கேஸ்வரன் அசையவில்லை. குழாயில் நேராகத் தெரிந்தால், இங்கே...

தலைகீழாக.

தலைக்கு மேலே தகரம் கிறீச்சிட்டது.

"அப்பாடா," என்றது போன். அழுகையும் சிரிப்புமாக. "இங்க இல்ல. எங்க வீட்ல இல்லடா."

இணைப்பு அறுந்தது.

கழுத்தில் ஈரமான முடி விழுந்தது. பிறகு தோளில். பிறகு முகத்தை மறைத்துக்கொண்டு, கற்றை கற்றையாக. மேலேயிருந்து இரண்டு கைகள் இறங்கி அவன் கன்னங்களைப் பிடித்தன. அவசரமில்லாமல், முகத்தை மேலே நிமிர்த்தின.

அவன் கண்களுக்கு நேரே, அதன் வாய் திறந்தது.