கன்றின் வாயில் வைத்த கை

நான் பேய்க்குப் பயப்படுகிற ஆளில்லை. கோயமுத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிறவன். மீட்டரில் முள் அசைந்தால்தான் கரண்ட் இருப்பதையே நம்புவேன். அப்படிப்பட்ட நான் இன்றைக்கும் என் மனைவி தண்ணீர் குடித்து முடிக்கும்வரை அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு இது எரிச்சல். இருந்தாலும் பொறுத்துக்கொள்வாள், அவளும் அந்த வீட்டில் இருந்தவள்தானே.

தொண்ணூற்று நாலு ஐப்பசியில் செல்வபுரத்துக்குக் குடிபோனோம். சூரத்தில் பிளேக் என்று பேப்பரெல்லாம் அலறிக்கொண்டிருந்த நேரம். எங்கள் தெருவில் ஒரு எலி செத்துக்கிடந்தாலும் கூட்டம் கூடிவிடும். ஊரே எலியைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாட்டை யாரும் பார்க்கவில்லை.

பழைய ஓட்டு வீடு. முன்பாதியில் வீட்டுக்காரி பூவாத்தாள், பின்பாதியில் நாங்கள். நடுவில் திறந்த முற்றமாக வாசல், அதன் ஓரத்தில் மாட்டுக் கொட்டகை. வீட்டுக்குள்ளேயே சிறுவாணித் தண்ணீர்க் குழாய் இருந்ததில் என் மனைவி துளசிமணிக்கு ஏக சந்தோஷம். அவளுக்கு அப்போது நாலாம் மாசம்.

டெம்போவிலிருந்து சாமான் இறங்கும்போதே பூவாத்தாள் சொம்பில் தண்ணீரோடு வந்தாள். ஐம்பது வயதிருக்கும். நெற்றி வெறுமையாக இருந்தது.

"எங்கூட்டுக்காரரு ஆவணியில போயிட்டாருங்க தம்பி. நல்லா இருந்த மனுசன். ரெண்டு நாள் காய்ச்சல், அப்புறம் காத்துக் கருப்பு புடிச்சுக்கிச்சு. தண்ணியக் கண்டாலே ஓன்னு கத்துனாரு."

"டாக்டர் என்னங்கக்கா சொன்னாரு?"

"நாய் கடிச்சுதான்னு கேட்டாங்க. எந்த நாயும் கடிக்கலீங்களே. அதுக்கு முந்தி மாடு ஒண்ணு செத்துப்போச்சு. தொண்டையில மாங்கொட்டை சிக்கிக்கிச்சாட்ட இருக்குதுன்னு இவருதான் கையை உட்டுப் பாத்தாரு. ஒண்ணுமே இல்லீங்க. இப்ப அதோட கன்னுக்குட்டி மட்டுந்தான் எனக்குத் தொணை."

பாலுசாமி என்ற அந்த மனிதர் சுவரில் மாலைபோட்ட படமாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம் என்று நினைத்துக்கொண்டு பீரோவைத் தூக்கப் போய்விட்டேன்.

முதல் வாரமே அந்தச் சத்தம் ஆரம்பித்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் கொட்டகைப் பக்கமிருந்து வரும். முதலில் வைக்கோல் சரசரப்பு, பிறகு நனைந்த கோணியும் புளித்த எச்சிலும் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றம், அதற்கப்புறம் அது.

யாரோ விழுங்கப் பார்க்கிற சத்தம்.

தொண்டை திறக்கும், இறுகும். மறுபடி திறக்கும். ஒரு சொட்டுகூட உள்ளே இறங்காது.

டார்ச் அடித்துப் பார்ப்பேன். கன்று மூலையில் ஒண்டி நிற்கும். அதற்கு வைத்த தண்ணீர்க் குண்டா கவிழ்ந்து கிடக்கும். "கன்னுக்குட்டி உதைச்சிருக்கும்" என்பேன். "கட்டுன கவுறு அத்தனை தூரம் எட்டாதுங்க" என்பாள் துளசிமணி.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தூறல் விழுந்துகொண்டிருந்த மத்தியானம், கன்று கத்தத் தொடங்கியது. தகரத்தைக் கிழிப்பது போன்ற குரல். வாயிலிருந்து எச்சில் கயிறாகத் தொங்கியது. தீனியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பூவாத்தாள் பதறிக்கொண்டு வந்தாள். "தொண்டையில எதோ சிக்கிக்கிச்சுங்க. என் கை தடிமன், உள்ள போகாது. கண்ணு, உன்றது சின்னக் கை. செத்த உட்டுப் பாரு அம்மணி."

மாடு வைத்திருக்கிற யாரும் செய்கிற காரியம்தான். எங்கள் பெருந்துறைத் தோட்டத்தில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! நான் கழுத்துக் கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தேன். துளசிமணி வளையலைக் கழற்றிவிட்டு விரல்களைக் குவித்து வாய்க்குள் நுழைத்தாள்.

அடுத்த நொடி மல்லாந்து விழுந்தாள்.

"ஏனுங்க இப்புடி இழுத்தீங்க?"

"நான் இழுக்கலையே."

அவள் மணிக்கட்டை நீட்டினாள். நாலு விரல் பதிந்து சிவந்திருந்தது. பெரிய விரல்கள், ஆம்பிளை விரல்கள். கொட்டகையில் ஆம்பிளை நான் ஒருவன்தான், என் கையிரண்டும் கயிற்றில் இருந்தன.

"பயந்துட்டயா கண்ணு? நகரு, நானே பாக்கறேன்" என்றாள் பூவாத்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு, தடித்த கையை வலுவாகத் திணித்து மணிக்கட்டுவரை உள்ளே விட்டுத் துழாவினாள். கன்றின் பல் உரசி அவள் விரலில் ரத்தம் வந்தது.

அவள் கையை யாரும் இழுக்கவில்லை.

விடிவதற்குள் கன்று செத்துவிட்டது. மாட்டு டாக்டர் வாசலிலேயே நின்று பார்த்தார். "வாய்க்குள்ள யாருங்க கைய உட்டது?" என்று கேட்டவரின் முகம் சரியாக இல்லை. வெறிநாய் கடித்த மாட்டுக்கும் வெறி வரும், அதன் எச்சிலில் இருந்து மனிதனுக்கும் வரும் என்றார். தாய்மாட்டைக் கடித்த நாயே கன்றையும் கடித்திருக்கலாம், சிலதுக்கு மாசக்கணக்கில் கழித்துத்தான் காட்டும் என்றார்.

துளசிமணியை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தொப்புளைச் சுற்றிப் போடுகிற ஊசி. பிள்ளை இருக்கிற வயிறு. போட்டால் பிள்ளைக்கு என்னாகுமோ, போடாவிட்டால் இரண்டு பேருமே இல்லை. டாக்டரம்மா தைரியம் சொன்னார். ஒவ்வொரு ஊசிக்கும் அவள் என் கையை நசுக்கினாள். நான் அழுதேன், சொல்வதற்கென்ன வெட்கம்.

பூவாத்தாளிடமும் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லிக் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன்.

"நாய் கடிச்சாத்தானுங்க அந்த ஊசி. கன்னுக்குட்டி பல்லு பட்டதுக்கெல்லாமா?"

"அக்கா, டாக்டரே சொல்றாருங்க."

"அப்ப எங்கூட்டுக்காரரு வெறிநாய்ச் சீக்குலயா செத்தாரு? இன்னொருக்கா அந்தப் பேச்சு எடுக்காதீங்க தம்பி." கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கொட்டகை அமைதியாக இருந்தது.

அந்தச் சத்தம் பூவாத்தாளின் சமையற்கட்டிலிருந்து வந்தது.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். காய்ச்சல் என்று படுத்த பூவாத்தாளுக்குச் சொம்பை நீட்டினேன். தண்ணீரைக் கண்டதும் அவள் கழுத்து நரம்பெல்லாம் வெட்டி இழுத்தது. கண்ணில் நீர் வழிய என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஊசிக்கான காலம் தாண்டிவிட்டது என்பது எனக்கும் தெரியும்.

ஆட்டோ பிடிக்க எழுந்தேன். அவள் பார்வை என்னைத் தாண்டி வாசற்படிக்குப் போனது. அங்கே யாருமில்லை. பூவாத்தாள் தட்டுத்தடுமாறி எழுந்து உட்கார்ந்து, முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள்.

"இத்தன நாளா நின்னுக்கிட்டேவா இருந்தீங்க?" என்றாள் மெதுவாக. "வாரேனுங்க."

ஆஸ்பத்திரியில் மறுநாள் போய்விட்டாள்.

துளசிமணியைப் பாலுசாமி ஏன் தடுத்தார், பூவாத்தாளை ஏன் விட்டார்? நல்லவரா, பொல்லாதவரா? இத்தனை வருஷமாகியும் எனக்கு விளங்கவில்லை. எங்கள் மகள் சித்திரையில் நல்லபடியாகப் பிறந்தாள். அந்த மனிதருக்கு நன்றி சொல்வதா, சபிப்பதா?

காரியம் முடிந்ததும் பூவாத்தாளின் தம்பி முன்பாதியைப் பூட்டிக்கொண்டு சூலூருக்குப் போய்விட்டார். நாங்களும் மாசியிலேயே காலி செய்தோம். உச்சி வெயில். சாமானெல்லாம் டெம்போவில் ஏறிவிட்டது. வழிக்குத் தண்ணீர் பிடித்த குடத்தோடு துளசிமணி கடைசியாக வாசலைக் கடந்து வந்தாள்.

பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து பூவாத்தாளின் குரல் கூப்பிட்டது.

"அம்மணி... ஒரு வாய் தண்ணி குடு கண்ணு."

துளசிமணி குடத்தை இறக்கிவைத்தாள். நான் அவள் தோளைப் பிடித்தேன். கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில், யாரோ விழுங்கப் பார்த்தார்கள். முடியவில்லை.

பக்கத்திலேயே இன்னொரு தொண்டையும் முயன்றது.